படுக்கைப் புண்ணின் நிலையை எப்படிக் கணிப்பது? எந்தப் புண்ணுக்கு எந்த டிரெஸ்ஸிங்?

குடந்தை மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 74. பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்து, கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் படுக்கையிலேயே இருக்கிறார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. இப்போது அவர் உடலில் மூன்று இடங்களில் பாதிப்பு தெரிகிறது. நான் பார்த்த அளவில் அவற்றை விவரிக்கிறேன்.

வால் எலும்புக்குச் சற்று மேலே இருப்பதுதான் பெரிய புண். ஏறத்தாழ 4 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் இருக்கும். அதன் அடிப்பரப்பில் பாதிக்கு மேல் மஞ்சள் நிறப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சிய பகுதி சிவப்பாக உள்ளது. காலையில் வைக்கும் காஸ் துணி மாலைக்குள் முழுவதும் நனைந்துவிடும் அளவுக்கு நீர் கசிகிறது. வலது குதிகாலில் நாணய அளவுக்குக் கருத்துக் காய்ந்து இறுகிய பொருக்கு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கசிவோ வாடையோ இல்லை. வலது இடுப்பின் பக்கவாட்டு எலும்பின் மேல் தோல் கிழியவில்லை. ஆனால் சுற்றியுள்ள இடத்தைவிடக் கருமையாகவும், தொட்டால் சூடாகவும் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் செவிலியர் பெரிய புண்ணை 2-ஆம் நிலை என்கிறார். புறநோயாளர் பிரிவில் பார்த்த மருத்துவரோ, இப்போதைக்கு நிலையைக் கணிக்க இயலாது என்று சீட்டில் எழுதியிருக்கிறார். மருந்துக்கடையில் ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டு (கசிவை உறிஞ்சிக் கூழாகும் ஒட்டு) கொடுத்தார்கள். உறவினர்கள், நாள்தோறும் ஹைட்ரஜன் பெராக்சைடால் கழுவி, பவுடர் தூவி, காற்றுப் பட விட்டால்தான் புண் காயும் என்கிறார்கள். நிலையை எதை வைத்துக் கணிக்கிறார்கள் என்பதையும், மூன்று இடங்களுக்கும் ஒரே டிரெஸ்ஸிங் போதுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

காயப் பராமரிப்புச் செவிலியர்:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் இவ்வளவு தெளிவாக விவரித்திருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலை என்பது அழுத்தத்தால் திசு எவ்வளவு ஆழம் வரை அழிந்திருக்கிறது என்பதைச் சொல்வது. டிரெஸ்ஸிங்கைத் தேர்ந்தெடுப்பதோ, அந்தப் புண் இன்று ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, அதில் மடிந்த (இறந்துபோன) திசு எவ்வளவு இருக்கிறது, குழியாக இருக்கிறதா, தொற்று இருக்கிறதா என்பவற்றைப் பார்த்துத்தான். ஒரே நிலையில் உள்ள இரண்டு புண்களுக்கு வெவ்வேறு டிரெஸ்ஸிங் தேவைப்படலாம்; ஒரே புண்ணுக்கே இந்த வாரம் ஒன்றும் அடுத்த வாரம் வேறொன்றும் தேவைப்படலாம்.

இப்போது பெரும்பாலான மருத்துவமனைகள் பின்பற்றுவது, அமெரிக்காவின் தேசிய அழுத்தக் காய ஆலோசனைக் குழு 2016-இல் திருத்தி வெளியிட்ட வகைப்பாடு. அதன்படி 1-ஆம் நிலையில் தோல் முழுமையாக இருக்கும். ஆனால் சிவந்த இடத்தை விரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் வெளுக்காது. நம்மைப் போன்ற கருமையான தோலில் இந்தச் சிவப்பும் வெளுப்பும் எளிதில் தெரிவதில்லை. ஆகவே பகல் வெளிச்சத்தில் பார்த்து, பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு, அந்த இடம் கூடுதல் சூடாகவோ குளிர்ச்சியாகவோ, இறுகியோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். உங்கள் தந்தையின் இடுப்பில் நீங்கள் கண்டது பெரும்பாலும் இதுவே. ஆனால் அந்த நிறம் அடர்ந்த ஊதாவாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறினால் அது ஆழ்திசு அழுத்தக் காயமாக இருக்கக்கூடும். மேல்தோல் நன்றாக இருக்க உள்ளே கன்றிப்போன மாம்பழத்தைப் போன்றது அது. சில நாட்களில் திடீரென்று பெரிய குழியாகத் திறந்துகொள்ளும்.

2-ஆம் நிலையில் மேல்தோல் போய், அடித்தோல் இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ ஈரமாகத் தெரியும். சில வேளைகளில் தெளிந்த நீர் நிறைந்த கொப்புளமாக இருக்கும். இந்த நிலையில் கொழுப்பு தெரியாது. மஞ்சள் படலமோ கருத்த பொருக்கோ இருக்காது. எனவே மஞ்சள் படலம் படிந்த புண்ணை 2-ஆம் நிலை என்று சொல்வது பொருந்தாது. 3-ஆம் நிலையில் தோலின் முழுத் தடிமனும் அழிந்து கொழுப்பு தெரியும். விளிம்புக்கு அடியில் பை போன்ற குடைவு இருக்கலாம். 4-ஆம் நிலையில் தசை, தசைநாண் அல்லது எலும்பு வரை புண் இறங்கியிருக்கும். மஞ்சள் படலமாகவோ கரும்பொருக்காகவோ மடிந்த திசு அடித்தளத்தை மூடி, அதனடியில் ஆழம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் அது நிலை கணிக்க இயலாத புண். உங்கள் மருத்துவர் எழுதியது இதைத்தான். அவர் சரியாகவே எழுதியிருக்கிறார். படலத்தை அகற்றினால் அது 3 அல்லது 4-ஆம் நிலையாகத்தான் இருக்கும்.

மலமும் சிறுநீரும் தொடர்ந்து படுவதால் வரும் தோல் அழற்சியையும் பலர் 2-ஆம் நிலைப் புண் என்று எழுதிவிடுகிறார்கள். அது எலும்பு மேட்டின் மேல் ஓரிடத்தில் மட்டும் நில்லாமல், பிட்டத்தின் இடுக்கிலும் தொடையிலும் ஒழுங்கற்ற விளிம்போடு பரவியிருக்கும். அதற்கு வேண்டியது தோலைக் காக்கும் களிம்பும் சுத்தமும்.

இனி டிரெஸ்ஸிங். ஈரத்தைச் சமநிலையில் வைத்திருந்தால் புதிய தோல் விரைவாக வளரும் என்பதை ஜார்ஜ் விண்டர் என்பவர் 1962-இல் பன்றிகளின் மேல் செய்த சோதனையில் காட்டினார். படலத்தால் மூடிய புண்களில் தோல், காற்றில் காயவிட்ட புண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் மூடியது. காற்றுப் பட்டால்தான் புண் ஆறும் என்ற எண்ணத்தை அதன்பின் மருத்துவம் கைவிட்டுவிட்டது. பவுடர் கசிவோடு கலந்து கட்டியாகிப் புண்ணின் அடித்தளத்தை மறைத்துவிடுவதால் அதையும் தவிருங்கள்.

வால் எலும்பின் மேல் உள்ள புண்ணில் கசிவு மிகுதி என்கிறீர்கள். ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டு, கசிவு குறைவாக உள்ள ஆழமற்ற புண்ணுக்கு உரியது, இதற்கு ஏற்றதன்று. அதிகக் கசிவை உறிஞ்ச, பழுப்புக் கடற்பாசியிலிருந்து செய்யப்படும் கால்சியம் ஆல்ஜினேட்டை உள்ளே வைத்து, மேலே ஃபோம் (மெத்தென்ற நுரைப்பஞ்சு) டிரெஸ்ஸிங்கால் மூடுவது வழக்கம். ஒட்டும் பகுதியில் சிலிகான் உள்ள ஃபோம் என்றால் முதியவரின் மெல்லிய தோலை உரிக்காமல் எடுக்கலாம். கசிவு குறைந்து படலம் காயத் தொடங்கினால் ஆல்ஜினேட்டை நிறுத்திவிட வேண்டும்; காய்ந்த புண்ணில் அது ஒட்டிக்கொள்ளும். அப்போது படலத்தை இளக்க, ஈரம் தரும் கூழான ஹைட்ரோஜெல் உதவும். இடுப்பில் தோல் முழுமையாக இருப்பதால் அங்கே முதல் மருந்து அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் இருப்பதே. உராய்வு படும் இடமானால் மெல்லிய சிலிகான் ஃபோம் ஒட்டி, நாள்தோறும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டலாம். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதோ எண்ணெய் தடவி மசாஜ் செய்வதோ கூடாது. உள்ளே நைந்திருக்கும் நுண்குழாய்கள் மேலும் சிதையும்.

ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்:

செவிலியர் எழுதியவற்றோடு உடன்படுகிறேன். குதிகாலைப் பற்றி அவர் எழுதாததால் அதை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் சர்க்கரை நோயாளியிடம் நான் மிகவும் அஞ்சுவது அந்த இடத்தைத்தான்.

குதிகாலில் காய்ந்து, கெட்டியாக ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சிவப்போ கசிவோ மெத்தென்ற தன்மையோ இல்லாமல் இருக்கும் கரும்பொருக்கை அகற்றக் கூடாது. அதுவே உடல் தானாகப் போட்டுக்கொண்ட மூடி. அதை ஹைட்ரோஜெல் வைத்து ஊறவைப்பதும், ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டி மூடுவதும், கத்தியால் சுரண்டுவதும் கிருமிக்கு வாசலைத் திறந்துவிடும். உலர்ந்த நிலையிலேயே வைத்து, லேசான காஸ் சுற்றி, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். காலுக்குப் போகும் இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்பதை, ஒலி அலைகளால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் கருவியால் பார்க்கும்படி உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். இரத்தம் போதுமான அளவு வராத காலில் செய்யப்படும் எந்தச் சிறு வெட்டும் ஆறாது. பொருக்கின் ஓரம் கழன்று நீர் வந்தாலோ, அழுத்தினால் உள்ளே அமுங்கினாலோ, சுற்றிலும் சிவந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வால் எலும்பின் மேல் உள்ள புண்ணுக்கு இதற்கு நேர்மாறான விதி. அங்கே உள்ள மடிந்த திசு கிருமிகளின் உணவு. அதை மருத்துவர் அகற்றினால்தான் ஆழமும் தெரியும், ஆறவும் தொடங்கும். வீட்டில் பிளேடோ கத்தரிக்கோலோ கொண்டு யாரும் முயலக் கூடாது. குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்கப் பக்கவாதத்துக்குப் பின் கொடுக்கப்படும் மாத்திரைகளை அவர் சாப்பிடுகிறார் என்றால், இரத்தப்போக்கை நிறுத்துவது கடினம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, பொவிடோன் அயோடின் கரைசல், ஸ்பிரிட் ஆகியவற்றைச் சுத்தமாக ஆறிவரும் புண்ணில் நாள்தோறும் ஊற்றுவது, கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்களையும் கொல்லும். 0.9 சதவீத சலைன் (உப்புநீர்) பாட்டிலே கழுவுவதற்குப் போதும். திறந்த பாட்டிலை மறுநாளைக்கு வைத்திருக்க வேண்டாம். சலைன் கிடைக்காத நேரத்தில் கொதித்து ஆறிய தண்ணீரைப் பயன்படுத்தலாம். தொற்று இருக்கும்போது மட்டும் மருத்துவர் வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங்கையோ அயோடின் கலந்த டிரெஸ்ஸிங்கையோ சில காலம் எழுதிக் கொடுப்பார். வெள்ளி டிரெஸ்ஸிங்கை 2 வாரங்களுக்குப் பின் மறுபரிசீலனை செய்யாமல் தொடர்வது வீண் செலவு.

தொற்றுக்கு அடையாளம் சீழ் மட்டுமன்று. விளிம்பைத் தாண்டிச் சிவப்பு பரவுதல், கழுவிய பிறகும் நீங்காத துர்நாற்றம், திடீரென்று கூடும் கசிவு, கூடும் வலி, கட்டுக்குள் இருந்த சர்க்கரை காரணமின்றி ஏறுதல் ஆகியவற்றைப் பாருங்கள். முதியவருக்குக் காய்ச்சலே வராமல், சாப்பிட மறுப்பதும் குழப்பமாகப் பேசுவதும் மட்டுமே முதல் அறிகுறியாக இருக்கலாம். குழிக்குள் எலும்பு தெரிந்தால், எலும்பில் தொற்று இறங்கியிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஃபோம், ஆல்ஜினேட் போன்றவற்றின் விலை எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது என்பதை நான் அறிவேன். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸை ஈரம் காயாதபடி அடிக்கடி மாற்றிவந்தால் அதுவும் ஏற்கத்தக்க வழியே. காஸை முழுதும் காயவிட்டுப் பிய்த்து எடுக்கும் பழைய முறைதான் கூடாது. அது மடிந்த திசுவோடு புதிய திசுவையும் பிய்த்துக்கொண்டு வரும், நோயாளிக்கு வலியும் கொடுமையானது.

மதுரை பராமரிப்பாளர்:

அம்மா, என் தாயாரை இதே நிலையில் வைத்துப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன். டிரெஸ்ஸிங் பற்றி மேலே இரண்டு பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் அழுத்தம் நீங்காத இடத்தில் உலகிலேயே விலையுயர்ந்த டிரெஸ்ஸிங்கை ஒட்டினாலும் புண் ஆறாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி, இரத்தம் போகாமல் நின்றதால் வந்த புண் அல்லவா?

2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது பொதுவான கணக்கு. தோல் எப்படித் தாங்குகிறது என்று பார்த்து அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். முழுக்கப் பக்கவாட்டில், 90 டிகிரியில் படுக்க வைத்தால் பாரம் அப்படியே இடுப்பின் பக்க எலும்பில் இறங்கும். உங்கள் தந்தைக்கு இடுப்பில் வந்தது அதனாலாக இருக்கலாம். முதுகுக்குப் பின்னால் தலையணை செருகி 30 டிகிரி மட்டும் சாய்த்து வையுங்கள். பின்பக்கம் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்த்தால் வால் எலும்பு மெத்தையில் படாமல் இருப்பது தெரிய வேண்டும். இடுப்பின் நிறம் சரியாகும் வரை வலப்பக்கம் வேண்டாம். இடப்பக்கச் சாய்வும், சிறிது நேரம் மல்லாந்த நிலையுமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தால் உடல் மெல்லக் கீழே சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் உள்ளே நகர்வதால் வால் எலும்பின் மேல் உள்ள திசு முறுக்கிக் கிழிகிறது. பக்கவாத நோயாளிக்கு உணவு புரையேறாமல் இருக்க உட்கார்த்தித்தான் ஊட்ட வேண்டும் என்பதால், சாப்பிட்டு அரை மணி நேரமாவது கழிந்த பின் 30 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடுங்கள். மேலே நகர்த்தும்போது இழுக்காமல், இரண்டு பேர் விரிப்போடு சேர்த்துத் தூக்குங்கள். குதிகாலுக்கு, கெண்டைக்காலின் நீளம் முழுவதும் தலையணை கொடுத்துக் குதிகால் காற்றில் நிற்கும்படி வைக்கலாம். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையை மட்டும் வாங்கிவிடாதீர்கள்; அது ஓட்டையைச் சுற்றிய இடத்தின் இரத்த ஓட்டத்தைத் தடுத்து நடுப்பகுதியை மேலும் கெடுக்கும்.

மோட்டார் வைத்த காற்று மெத்தை, அதாவது கடைகளில் ஆல்ஃபா பெட் என்று கேட்பது, வாங்கும் வசதி இருந்தால் வாங்குங்கள். வாங்கிய பின் அவருடைய இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துப் பாருங்கள். நடுவே ஓர் அங்குலக் காற்றாவது இருக்க வேண்டும், எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை. அதன் மேல் ரப்பர் ஷீட், கம்பளி, மடித்த வேட்டி என்று அடுக்கினால் மெத்தையின் பயன் போய்விடும். மெத்தை இருந்தாலும் புரட்டுவதை விடக் கூடாது.

உணவையும் கேட்டுக்கொள்ளுங்கள். புண் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். 60 கிலோ எடை என்றால் நாளைக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. இரசம் சாதமும் கஞ்சியும் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கின் அருகில்கூடப் போக முடியாது. முட்டை, மீன், பயறு, தயிர், சுண்டல் மசித்தது என்று சிறிது சிறிதாகச் சேருங்கள். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்ட பின் கூட்டுங்கள்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள். செலவு குறையும் என்பதைவிட, உங்களுக்கு ஒரு துணை கிடைக்கும்.

குடந்தை மகள்:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவரிடம் மறுபடியும் அழைத்துச் சென்றோம். மஞ்சள் படலத்தின் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, கொழுப்பு தெரிவதாகவும் எலும்போ தசையோ தெரியவில்லை என்றும், ஆகவே 3-ஆம் நிலை என்றும் சொன்னார். ஒரு பக்கம் விளிம்புக்கு அடியில் பை போல உள்ளே போகிறது. ஆல்ஜினேட்டும் ஃபோமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பைக்குள் ஆல்ஜினேட்டை எப்படி வைப்பது? எடுக்கும்போது மஞ்சள் பசை போல ஏதோ வருகிறது, அது சீழா? ஆழம் குறைந்த பிறகு இதை 2-ஆம் நிலை என்று சொல்லலாமா?

காயப் பராமரிப்புச் செவிலியர்:

குடைவு உள்ள இடத்துக்கு நாடா வடிவ ஆல்ஜினேட் கிடைக்கும்; ஒரே துண்டாக வைத்து, நுனி வெளியே தெரியும்படி விடுங்கள். பல துண்டுகள் வைத்தால் எண்ணிக்கையை எழுதி வையுங்கள், ஏனெனில் உள்ளே மறந்துபோன ஒரு துண்டு போதும் மாதக்கணக்கில் புண் ஆறாமல் இருக்க. இறுக்கித் திணிக்க வேண்டாம். அதுவே உள்ளிருந்து அழுத்தம் கொடுக்கும். குழியின் பக்கங்களைத் தொட்டுக்கொண்டு தளர்வாக நிரம்பியிருந்தால் போதும்.

ஆல்ஜினேட் கசிவை உறிஞ்சிப் பசையாக மாறுவது அதன் இயல்பு. ஹைட்ரோகொல்லாய்டும் இப்படித்தான் மஞ்சள் கூழாகி வாடை அடிக்கும். இதைச் சீழ் என்று எண்ணிப் பலர் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் சலைனால் முழுவதும் கழுவுங்கள். கழுவிய பின்னும் புண்ணிலிருந்து கெட்ட வாடை வந்தாலோ கலங்கிய கசிவு ஊறினாலோதான் சந்தேகப்பட வேண்டும்.

ஆழம் குறைந்தாலும் அது 2-ஆம் நிலை ஆகாது. அழிந்துபோன கொழுப்பும் அடித்தோலும் திரும்ப வருவதில்லை. அந்த இடத்தைத் தழும்புத் திசு நிரப்புகிறது. எனவே ஆறிவரும் 3-ஆம் நிலை என்றும், மூடிய பிறகு ஆறிய 3-ஆம் நிலை என்றும் எழுதுவதே முறை. தழும்பு ஒருபோதும் பழைய தோலின் முழு வலிமையைப் பெறுவதில்லை, அதிகம் போனால் 80 சதவீதம். அதனால் மூடிய பிறகும் அந்த இடத்தின் மேல் படுக்க வைக்கும் நேரத்தைக் குறைவாகவே வைத்திருங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே நிலையில் படுக்க வைத்து, தலையிலிருந்து கால் நோக்கிய நீளத்தையும் அதற்குக் குறுக்கே அகலத்தையும் அளந்து எழுதுங்கள். தலைப்பக்கத்தைக் கடிகாரத்தின் 12 மணியாகவும் கால்பக்கத்தை 6 மணியாகவும் கொண்டால், குடைவு எந்தப் பக்கம் என்பதை மருத்துவரிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். அதன் ஆழத்தை மட்டும் செவிலியர் வந்து கிருமி நீக்கிய பஞ்சுக்குச்சியால் அளக்கட்டும். 2 வாரங்களில் அளவிலும் கசிவிலும் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால் டிரெஸ்ஸிங்கை மட்டும் மாற்றாமல், புரட்டும் நேரம், மெத்தை, சர்க்கரை, புரதம் ஆகிய நான்கையும் மறுபடி பாருங்கள். தொடக்கத்தில் நாள்தோறும் மாற்ற வேண்டியிருக்கும். கசிவு குறையக் குறைய 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறை போதும். ஃபோமின் ஓரம் வரை கறை வந்துவிட்டாலோ மலம் உள்ளே புகுந்துவிட்டாலோ நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது அவர் முகம் சுளித்தால், வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேச முடியாதவருக்கும் வலிக்கும்.